மூன்று துளசியிலைகள்

விளக்கு வைத்தாயிற்று, இனித் துளசி பறிக்கக்கூடாது. குழந்தையோ உள்ளே இருமிக்கொண்டே இருக்கிறது. குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில், இந்த வாடகை வீட்டில் முன்பு இருந்து, இங்கேயே இறந்துபோன பெண்ணின் மூன்று பூச்சாடிகளுக்கு முன்னால், வீட்டின் பின்புறத்தில், தாட்சாயினி தயங்கி நிற்கிறாள். மண்ணில் குத்திய ஐஸ்கிரீம் குச்சிகளில் அந்தப் பெண்ணின் கையெழுத்து: புதினா வயிற்றுக்கு, வல்லாரை ஞாபகத்துக்கு, துளசி இருமலுக்கு. முதலிரண்டும் வெயிலில் கருகிவிட்டன. துளசிச் சாடியில் மட்டும் மண் ஈரமாக இருக்கிறது. “நீங்களோ தண்ணி விட்டனீங்கள்?” “நானோ? பின்வளவுப் பக்கமே நான் வாறேல்லை,” என்று குசினி யன்னலில் கணவன் பிரஷாந்தன் சிரிக்கிறான். “சுடுதண்ணி கொதிக்குது, கெதியா வாரும்.” மனம் கேளாமல் அவள் பறிக்கக் குனிகிறாள். சாடியின் விளிம்பில், சற்றுமுன் வெறுமையாக இருந்த இடத்தில், கழுவிய மூன்று இலைகள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. குழந்தை மறுபடி இருமுகிறது. இலைகளைப் பொத்திக்கொண்டு, “தாங்ஸ் அக்கா,” என்று முணுமுணுத்தவள், திரும்பிப் பாராமல் நடக்கிறாள்.