பழுப்புச் சிரிப்பு

“நீ சிரிச்சா அந்தப் பழுப்புக் கறை தெரியுது பாரு கயலு, அதுலதான் என்ற உசுரே இருக்குது” என்று கல்யாணமான புதிதில் கதிரேசன் சொன்னான்.

“ஏனுங்க மாமா, கறையைப் போய்க் கொஞ்சறீங்க?” என்றாள் அவள்.

அவன் ‘கயலு’ என்று கூப்பிடும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல அவளுக்குச் சிலிர்க்கும்.

இன்று தனக்குச் சொத்தைப் பல் என்று சொல்லி, அவனைத் துணைக்கு ஆர்.எஸ்.புரம் பல் டாக்டரிடம் கூட்டி வந்துவிட்டாள். அவன் வெளியே காத்திருந்தான்.

“கிணத்துத் தண்ணிக் கறைங்க அம்மணி. இங்கயே கறையை இழைச்சு, மருந்து வெச்சு வெளுக்கலாம். இல்லீன்னா பல்லுக்கு அச்சு எடுத்து உறை செஞ்சு தாரேன், ஊட்டுலயே மருந்தூத்தி மாட்டிக்கலாம்” என்றார் டாக்டர்.

“இப்பவே வெளுத்துப்போடுங்க. எங்கூட்டுல பொறந்த எல்லாருக்கும் இதே கறைதானுங்க.”

வெளியே வந்து கணவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் பதறி எழுந்தான்.

“என்ன காரியம் செஞ்சுபோட்டே கயலு? உன்ற சிரிப்பையே காணோமே!”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது எங்கக்கா சிரிப்புங்க மாமா. கயலு செத்துப்போயிட்டா. அவளுக்கப்புறம் நீங்க தாலி கட்டுனது எனக்குங்க. இனியாச்சும் என்னை அன்புச்செல்வின்னு கூப்பிடுங்க.”