லாட் சேரட்டும்

“இன்னிக்கே கால் வேணும் அண்ணே. சாயங்காலம் சர்ச்சுக்குப் போகணும்.”

கசார்வாடியில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை அது. மேற்பார்வையாளர் ரங்கராஜன் நிமிர்ந்தார். வாசலில் ஜான்சி. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த ஜெயசீலனின் மனைவி. வாராவாரம் வந்து கேட்டுவிட்டுப் போகிறவள்தான். இன்று கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

“இன்னிக்கேவா? விளையாடறியாம்மா? முட்டிக்கு ஒரு டேபிள், பாதத்துக்கு ஒரு டேபிள், பெல்ட்டுக்கு ஒரு டேபிள். ஒவ்வொண்ணுலயும் மொத்தமா ஒரு லாட் சேர்ந்தாதான் அடுத்ததுக்கு நகரும். சேட் போட்ட சிஸ்டம் அப்படி.”

“அவரோட கால் எங்க இருக்கு?”

ரங்கராஜன் கை காட்டினார். பாதி முடிந்த கால் ரேக்கில் தூசி படிந்து கிடந்தது.

“இன்னும் நிறைய வேலை இருக்கா அண்ணே?”

“வேலை என்ன பெரிய வேலை! உட்கார்ந்தா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும். லாட் சேரக் காத்துக் கிடக்கிறதுதான் மாசக்கணக்கு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது.

“ரெண்டு காலோடதான் சர்ச்சுக்குள்ள வருவேன்னு ஒரே பிடிவாதம் அண்ணே. சொந்தக்காரங்க எல்லாரும் வந்துட்டாங்க. இன்னிக்கு விட்டா முடியாது.”

“சரி, மதியம் வா. சேட் கத்தினா கத்தட்டும்.”

காலைத் தானே தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக அலைந்தார் ரங்கராஜன். “பாவூ, ஹே ஆதி கர்! இதை மொதல்ல முடி!” என்று மராத்தியும் தமிழுமாக ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். மதியம் ஜான்சி வந்தபோது கால் தயார். அவராலேயே நம்ப முடியவில்லை.

“பாத்தியாம்மா! நாளையிலேர்ந்து எல்லா காலும் இப்படித்தான், ஒண்ணொண்ணா நகரும். சண்டை போட்டாவது சிஸ்டத்தை மாத்திடறேன்.”

“கொஞ்சம் முன்னாடியே மாத்தியிருக்கலாம் அண்ணே.” ஜான்சி உடைந்து அழுதாள்.

“அட, அதான் முடிஞ்சிடுச்சே! எதுக்கு அழுகை? அவரை வரச் சொல்லு, நானே மாட்டி விடறேன்.”

“வெளியே வண்டியிலதான் இருக்காரு.”

ரங்கராஜன் உற்சாகமாகக் காலை எடுத்துக்கொண்டு நடந்தார். டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்தான்.

பூமாலைகளுக்கு நடுவே, சவப்பெட்டியில், கோட்டு சூட்டோடு ஒற்றை ஷூ போட்டுப் படுத்திருந்தார் ஜெயசீலன்.