கேக் வராத மூன்று மாதங்கள்

எங்கள் கோபன்ஹேகன் அலுவலகத்தில் வேலையில் தப்பு செய்தவர் மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். மூன்று மாதமாகக் கேக்கே வரவில்லை.

"அவ்வளவு சுத்தமாவா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள் மேனேஜர் லிஸ்பெத்.

"ஒரு தப்புகூட இல்ல!" என்று மார்தட்டினான் ப்ரெபென்.

மறுநாள் லிஸ்பெத்தே கேக்குடன் வந்தாள்.

"ஐயையோ, நீ என்ன தப்பு பண்ணின?" என்றான் ப்ரெபென்.

"தப்பே பண்ணாதவங்களுக்குத்தான் பதவி உயர்வுன்னு மூணு மாசத்துக்கு முன்னாடி சொன்னேன்ல, அதான் நான் பண்ணின தப்பு. இனிமே அந்த விதி கிடையாது."

அடுத்த நாள் காலை மேசையில் பதினோரு கேக்குகள் இருந்தன. நான்கு ப்ரெபென் கொண்டுவந்தவை. என் கேக்குகளுக்குத்தான் சைக்கிள் போதாமல் டாக்ஸி பிடிக்க வேண்டியிருந்தது.