கித்தாருக்குள் ஒரு சாக்ஸ்

விற்கிறவர் யார் என்று கேட்கக் கூடாது என்றால், அந்தப் பொருளை நீங்கள் வாங்குவீர்களா?

நான் வாங்க மாட்டேன். முடி வெட்டும் கடையில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஓடெலிடம் அதைத்தான் சொன்னேன். அவர் காதில் விழுந்தால்தானே!

சிவப்பு எலக்ட்ரிக் கித்தார். நடுவில் கெட்டிக் கட்டை, இரண்டு பக்கமும் வெறும் கூடு, வயலினில் இருப்பது மாதிரி வளைந்த இரண்டு ஓட்டைகள். யாரோ ஆசை ஆசையாக வாசித்த பழசு; கை படுகிற இடமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓடெல் ஒரு தடவை மீட்டியதும் நாற்காலியில் இருந்தவர் தலையைத் திருப்பிவிட்டார். காது தப்பியது பெரிய விஷயம்.

விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவ்வளவு குறைச்சல்.

திருட்டுப் பொருளா என்று கடைக்கார ஹோசியாவிடம் நேராகவே கேட்டேன்.

"சத்தியமா இல்ல. ஓடெலைத் தவிர யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பேரை மட்டும் கேக்காதேம்மா."

அதைக் கேட்டு எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது. ஏமாந்தவன் என்று பார்த்துத் தலையில் கட்டுகிறார்களோ?

ஆனால் ஓடெலுக்கு வேறு வழியில்லை. ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிப்பார், ஆனால் அது சர்ச் கித்தார். ஆராதனை முடிந்த கையோடு சர்ச் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன் பர்விஸ் அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். காதலும் கண்ணீருமாகப் பாடுகிற ப்ளூஸ் பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கித்தாருக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது என்பார்.

சனிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் மிஸ் ஓராவின் மீன் கடை. கெளுத்தி வறுபடும், ஓரா ப்ளூஸ் பாடுவாள். அவளுடைய கித்தார்க்காரன் மெம்ஃபிஸுக்குப் போய்விட்டான். சொந்தக் கித்தாரோடு வந்தால் அந்த இடம் ஓடெலுக்கு என்று சொல்லியிருந்தாள். டிராக்டர் பழுது பார்க்கிற வேலையில் ஸ்பானரைத் தட்டித் தட்டித் தாளம் போடுகிற மனுஷர். எத்தனை நாள் ஆசை!

வாங்கிவிட்டோம்.

பழசு எது வீட்டுக்கு வந்தாலும் முதலில் துடைத்துவிடுவேன். துடைக்கும்போது மேல் ஓட்டைக்குள் ஏதோ தெரிந்தது. கொண்டை ஊசியை விட்டு இழுத்தால், ஒரு ஆம்பளை சாக்ஸ்! பழுப்பு நிறம், மஞ்சள் கோடு. எந்த வீட்டு வால் திணித்ததோ என்று சிரித்துக்கொண்டே துவைத்துப் போட்டேன். பல் முளைக்கிற என் மகள் அதைக் கடிக்க எடுத்துக்கொண்டாள். அப்புறம் அவளிடமிருந்து யார் பிடுங்குவது?

ஒத்திகையில் முதல் பாட்டு தேன் மாதிரி போனது. ஸ்பீக்கரை இன்னும் சத்தமாக வை என்றாள் ஓரா. வைத்தார். அவ்வளவுதான், கித்தார் தானாகவே ஊளையிட ஆரம்பித்தது. கம்பியைப் பொத்தினாலும் அடங்கவில்லை.

ஓரா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "தம்பி, இங்க பாடறதுக்கு நான் ஒருத்தி போதும். அடுத்த வாரம் சனிக்கெழமைக்குள்ள அதோட வாயை மூடு. இல்லேன்னா வேற ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

மறுநாளே ஹோசியா கடைக்குப் போய், அந்தப் பெயர் தெரியாத ஏமாற்றுக்காரரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் சொன்னேன். மனுஷர் இருமிக்கொண்டே முடியைக் கூட்டித் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓடெல் செத்த முகத்தோடு அல்லேலூயாவுக்கு வாசித்தார்.

ஆராதனை முடிந்தது. டீக்கன் பர்விஸ் அலமாரியைப் பூட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார். சனிக்கிழமை விஷயம் தெரிந்துவிட்டதா? சர்ச்சில் வாசிக்கிறதும் போச்சா?

"சிஸ்டர் நெட்டி, உன் வீட்டுக்காரர் ஓரா கடையில வாசிக்கப் போறாராமே." பின் வரிசைப் பெண்களுக்கும் கேட்கிற குரல். "அந்தப் பாட்டு எங்க கொண்டுபோய் விடும்னு தெரியுமில்ல?"

"ஆமென்" என்றது பின் வரிசை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், என் மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மும்முரமாகச் சாக்ஸைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஆசீர்வதிக்கிறவர் மாதிரி குழந்தையின் தலையில் கை வைத்துக் குனிந்தார். குரல் ரகசியமாக இறங்கியது.

"இதை ஏம்மா வெளிய எடுத்தே?"

நான் சாக்ஸைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"இது உள்ள இல்லாம சத்தத்தைக் கூட்டினா அது ஊளையிடத்தான் செய்யும். எங்கிட்ட இருந்தப்பவும் அப்படித்தான். மேல் ஓட்டையில நல்லா தள்ளி வை."

பின் வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்புறம், சனிக்கெழமை அந்தக் கடையோட பின்கதவைத் திறந்து வெக்கச் சொல்லும்மா. எங்க வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கு."