கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துத் தலைமுடி

“முடி சுருட்டையா, கோரையா?” என்று சம்பங்கி மூன்றாவது முறையாகக் கேட்டாள். சென்றாயன் தலை நிமிராமல், அடுக்கியிருந்த ஷாம்பு கட்டிகளையே பார்த்தபடி, தெரியாது என்று மூன்றாவது முறையாகச் சொன்னான்.

ஓசூர் ராயக்கோட்டை சாலையில் இருக்கும் அத்தையின் சோப்புக் கடையை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் பார்த்துக்கொள்வாள். முடி எப்படி என்றே தெரியாமல் ஷாம்பு வாங்க வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

“யாருக்குங்க?”

“கூட வேலை செய்யற பொண்ணுக்கு. எட்டு மாசமா தினமும் பாக்கறேன்.”

மூக்குத்தண்டில் கறுத்திருந்த கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டே அவள் சிரித்தாள். “எட்டு மாசமா எதைத்தான் பாத்தீங்க?”

நியாயமான கேள்விதான். அவன் விளக்க ஆரம்பித்தான். போன் பாகம் செய்கிற கம்பெனி. தூசி ஆகாது என்று எல்லாருக்கும் தலையோடு கால் வெள்ளை அங்கி, தொப்பி, மாஸ்க், பாதுகாப்புக் கண்ணாடி. இவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். இவன் தட்டில் பாகங்களை அடுக்கிச் சின்னத் திறப்பு வழியே தள்ளுவான். அவள் சோதித்துப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவாள். பெண்களுக்குத் தனி கேட், தனி பஸ். குரல் கேட்டதில்லை, பெயர் தெரியாது. ஒரு கட்டைவிரலை நம்பியே எட்டு மாதத்தை ஓட்டியிருக்கிறான்.

நாளையோடு அவனை வேறு யூனிட்டுக்கு மாற்றுகிறார்கள். தட்டோடு தட்டாக ஒரு பரிசையும் போன் நம்பரையும் தள்ளிவிட வேண்டும். சூப்பர்வைசரிடம் பிடிபட்டால் மெமோ. பிடிபடாமல் போய்ச் சேர்ந்து, தப்பான கட்டியால் அவளுக்கு முடி கொட்டினால் நம்பர் நேராகக் குப்பைக்குப் போகும்.

சம்பங்கி கீழ்த்தட்டில் எதையோ தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டு, அந்தப் பெண்ணிடம் வேறு எதையும் கவனித்ததில்லையா என்று கேட்டாள்.

அவன் தயங்கினான். “தொப்பிக்கு மேலயே தலையச் சொறிஞ்சுக்கிட்டு இருக்கும். பேன் இருக்கும்போல. எனக்கு அது ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க.”

சம்பங்கி நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. நாள் முழுக்கத் தொப்பிக்குள் கிடக்கிற தலை வேரில் பிசுக்குப் பிடிக்கும், நுனியில் வறளும், போர் தண்ணீர் வேறு, இதற்குச் செம்பருத்திக் கட்டிதான் சரி என்று ஒன்றை எடுத்தாள்.

அந்தப் பெண்ணுக்குப் பிடிக்குமா என்று கேட்டான். அவள் அதை முகர்ந்து பார்த்தாள். பரிசுக் காகிதத்துக்காக அவன் காத்திருக்க, தன் கைப்பையைத் திறந்து உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

“பேனெல்லாம் இல்லீங்க. தொப்பி எலாஸ்டிக்தான் அரிக்குது.”