முகம் தெரியாத புண்ணியவான்

"அண்ணே, மொதல்ல வாயத் தெறங்க!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்த விருமாண்டி, மலையாண்டியின் வாயில் ஒரு முழு லட்டைத் திணித்தார்.

இருவரும் சகலைகள். அக்காளைக் கட்டியவர் மலையாண்டி, தங்கச்சியைக் கட்டியவர் விருமாண்டி. பழங்காநத்தத்தில் அடுத்தடுத்த வீடு. ஒரே ஃபைனான்ஸ் கம்பெனியில், ஒரே வாரத்தில் கடன் வாங்கிக் கட்டியவை. ஆனால், விருமாண்டி வீடு மட்டும் அரை அடி கூடுதல் உயரம். அந்த அரை அடி ஐந்து வருஷமாக மலையாண்டியைத் தூங்கவிடவில்லை.

"என்ன தம்பி விசேஷம்?" என்றார் மலையாண்டி, லட்டை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு.

"ஃபைனான்ஸ்காரன் காசத் திருப்பிக் குடுத்துட்டாண்ணே! வட்டி கம்மியா இருக்குன்னு போன வருசம் நம்ம ரெண்டு பேரும் கடன பேங்குக்கு மாத்துனோம்ல? முன்கூட்டியே அடைச்சா ரெண்டு பெர்சன்ட் அபராதம்னு அக்ரிமென்ட்டுல போட்டுட்டு, நாலு பெர்சன்ட் பிடிச்சிருக்கான். கூடப் பிடிச்ச பன்னண்டாயிரமும் செக்கா வந்திருச்சு!"

மலையாண்டிக்கு லட்டு தொண்டையில் இறங்க மறுத்தது.

"நீ எழுதிக் கேட்டியா?"

"நானா? எனக்கு அந்த அக்ரிமென்ட்டுல எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னே தெரியாது. யாரோ என் ஃபைலப் பாக்கச் சொல்லி மெட்ராஸ் ஆபீசுக்கு மொட்டைப் பெட்டிசன் போட்டிருக்காக. பேரு இல்ல, ஊரு இல்ல. எந்தப் புண்ணியவானோ! எழுதுன கை யாரு கைன்னு மட்டும் தெரியட்டும், அந்தக் கைக்கு ஒரு மோதிரம் செஞ்சு போட்டிருவேண்ணே."

மலையாண்டி மிச்ச லட்டைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"வாசப்படிக்குக் கிரானைட்டு போடப் போறோம்க்கா" என்று அடுப்படியில் விருமாண்டியின் மனைவி அன்னக்கொடி தன் அக்காளிடம் சொல்வது கூடம் வரை கேட்டது.

அவர்கள் போனதும் மலையாண்டியின் மனைவி சீனியம்மாள் ஆரம்பித்தாள்.

"அவருக்கு ஆறு லட்சம் கடன், நமக்கு ஏழு லட்சம். அப்படின்னா நமக்குப் பதினாலாயிரம் வரணும்ல?"

"வரும், வரும்."

"எங்கிட்டு வரும்? அவருக்காக எழுத ஒரு நல்ல மனுசன் இருக்காரு. உங்களுக்கு எழுத யாரு இருக்கா? இருபது வருசமா இரும்புக் கடை வச்சிருக்கீக, ஒத்த மனுசனச் சம்பாரிச்சிருக்கீகளா?"

மலையாண்டிக்கு வயிறு பற்றி எரிந்தது. தனக்குப் பதினாலாயிரம் வராததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவனுக்குப் பன்னிரண்டாயிரம் வந்ததை எப்படிப் பொறுப்பது?

மறுநாள் காலை பக்கத்து வாசலில் கொத்தனார் டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததுதான் தாமதம், மலையாண்டி டி.வி.எஸ். ஃபிஃப்டியை உதைத்துக் கிளப்பி, சிம்மக்கல்லில் இருந்த ஃபைனான்ஸ் ஆபீசில் போய் நின்றார்.

மேனேஜர் சாய்பிரசாத் அவர் நீட்டிய மனுவை அரைப் பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கடன் முடிச்சப்ப 'இனி கம்பெனிகிட்ட எதுவும் கேட்க மாட்டேன்'னு கையெழுத்துப் போட்டுட்டீங்களே சார்! இத மேல அனுப்புனா குப்பைக் கூடைக்குத்தான் போகும். கோர்ட்டுக்குப் போனாலும் வருஷக்கணக்கா இழுக்கும்."

"விருமாண்டிக்கு மட்டும் எப்படிக் குடுத்தீக? அவரும்தான கையெழுத்துப் போட்டாரு?"

சாய்பிரசாத் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது பெரிய கூத்து சார். வெளிய சொல்லிராதீங்க. 'விருமாண்டி ஒரு மோசடிக்காரன், கள்ளப் பணத்துல கடன அடைச்சிருக்கான், ஃபைல மொதப் பக்கத்துல இருந்து சோதிக்கணும்'னு எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவன் பெட்டிஷன் போட்டிருக்கான். மோசடின்னு வந்துட்டா மெட்ராஸ்ல சும்மா விடுவாங்களா? ஆளுங்க வந்து இறங்கி, ஒத்தப் பேப்பர் விடாமப் பாத்தாங்க. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. எங்க தப்புதான் மாட்டிக்கிச்சு. ஆடிட்டர் எழுதி வச்சப்புறம் காசக் குடுக்காம இருக்க முடியுமா?"

மலையாண்டிக்கு நெற்றி வேர்த்தது.

"அப்ப என் ஃபைலையும் பாக்க வைக்கணும்னா?"

"உங்க மேலயும் எவனாவது மோசடின்னு எழுதணும்" என்று சிரித்தார் சாய்பிரசாத். "ஆனா உங்களப் பாத்து யாரு சார் பொறாமப்படப் போறாங்க!"

அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது. வாசலில் விருமாண்டி காத்திருந்தார்.

"அண்ணே, கிரானைட்டு கறுப்புல போடவா, செவப்புல போடவா? நீங்க சொல்றதுதான்!"

"கறுப்பு" என்று சொல்லிவிட்டு மலையாண்டி கதவைச் சாத்தினார். பீரோவிலிருந்து ஒரு இன்லேண்ட் கவரை எடுத்து மேஜைமேல் விரித்து எழுத ஆரம்பித்தார்.

'ஐயா, பழங்காநத்தம் மலையாண்டி என்பவன் பெரிய மோசடிக்காரன். கள்ளப் பணத்தில் கடனை அடைத்திருக்கிறான். அவனுடைய ஃபைலை முதல் பக்கத்திலிருந்து சோதிக்கவும். இப்படிக்கு, உண்மை விளம்பி.'

எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. யாரும் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, போன தடவை விருமாண்டியைப் பற்றி எழுதிய மாதிரியே, இந்தத் தடவையும் அவர் இடது கையால்தான் எழுதினார்.