பட்டியலில் பதினோரு பேர்

மலேசியாவின் மெர்சிங் படகுத்துறை அலுவலகத்தில் சாந்தினி மடிக்கணினியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. டிக்கெட் விவரங்களைப் படகுப் பட்டியலுக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருளில் அவள் எழுதிய பகுதி பதினோரு பேரை விழுங்கியிருக்கிறது. பட்டியலில் இல்லாதவர் ஏற முடியாது. வெயிலில் பைகள்மேல் உட்கார்ந்திருக்கும் பதினோரு பேரும் நம் தமிழ் ஆட்கள். தீவுக்குப் போகும் படகு உறுமுகிறது. "தண்ணி இறங்குதும்மா, பத்து நிமிஷம்தான். கடல்கிட்ட பேரம் பேச முடியாது லா," என்கிறார் குமாஸ்தா கேப்ரியல். "நீங்க பேசிக்கிட்டே இருங்கண்ணே, நான் முடிச்சிடுறேன்." இங்கே அடையாள அட்டையில் தமிழர்களின் அப்பா பெயருக்கு முன் 'மகன்', 'மகள்' என்பதற்குப் போடும் a/l, a/p-இல் வரும் சாய்கோட்டைக் கண்டதும் அந்தப் பகுதி ஆளையே தள்ளிவிடுகிறது. சோதித்தபோது பக்கத்து மேசைக்காரர்களின் சீன, மலாய்ப் பெயர்களைப் போட்டவள், தன் பெயரைப் போடவில்லை. வரியைத் திருத்தி, உதட்டைக் கடித்தபடி முதலில் தன் முழுப்பெயரை அனுப்புகிறாள், போகிறது. பின்னாலேயே பதினோரு பேரும். அச்சான தாளைக் கேப்ரியல் விரல்வைத்து எண்ணுகிறார். "பன்னண்டு இருக்கே. நீயும் தீவுக்கு வர்றியா?"